புறணிக் காப்பியும் லட்சுமியின் கண்ணும்

சிவகாசியில் காலண்டர் சாமிகளுக்குக் கண் கடைசியில்தான் திறக்கும். கிரீடம், நகை, பட்டுச்சேலையின் ஜரிகை, காலடியில் தாமரை என்று எல்லாம் முடிந்த பிறகும் விழி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகவே கிடக்கும். நல்ல நாள் பார்த்து, ஓவியர் தலைக்குக் குளித்து, தட்டில் வெற்றிலையும் கற்கண்டும் வைத்து, மெல்லிய தூரிகையால் இரண்டு கருமணிகளை வைப்பார். அதுவரை அது படம். அதற்குப் பிறகு சாமி. இந்தக் கதை நடக்கும் காலத்தில் இந்தப் பழக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருந்தது. கண் திறக்கும்போது ஓவியர் தலையில் பொறிமானி மாட்டியிருக்க வேண்டும்.

பொறிமானி வந்ததற்குக் காரணம் பக்தர்கள். இயந்திரங்கள் கண்மூடித் திறப்பதற்குள் படம் வரைந்து தள்ள ஆரம்பித்ததும் காலண்டர்க்காரர்கள் குஷியாகிவிட்டார்கள். ஓவியர் வேண்டாம், முன்பணம் வேண்டாம், 'கைக்கு வரமாட்டேங்குது அண்ணாச்சி' என்ற புலம்பலும் வேண்டாம். ஒரு வருஷம் முழுக்க இயந்திர சாமிகளை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். படங்கள் அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் தூத்துக்குடியிலிருந்து ஓசூர் வரை, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத பெண்கள் எல்லாரும் ஒரே புகாரைச் சொன்னார்கள். கும்பிட்டால் சாமி நம்மைப் பார்க்க மாட்டேன் என்கிறது, நமக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறது. அடுத்த வருஷம் பூஜையறைகளில் பழைய காலண்டரே தொங்கியது. புதியதைத் தேதி கிழிக்க மட்டும் சமையலறையில் மாட்டினார்கள்.

உடனே உற்பத்தியாளர்கள் கூடிப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஒரு முடிவெடுத்தார்கள். மனித மூளையில் உண்மையாகவே பொறி தட்டி வரைந்த படத்துக்கு மட்டும் முத்திரை. முத்திரை உள்ள படம்தான் பூஜையறைக்கு. பொறிமானியில் எழுபதைத் தொட்டால் முத்திரை கிடைக்கும். ஓர் ஓவியர் மூன்று தடவை தொடாமல் போனால் ஆயுசுக்கும் அவர் சாமிக்குக் கண் திறக்க முடியாது. இயந்திரம் போட்ட படத்தில் நிறம் சரிபார்க்கும் வேலைக்கு வேண்டுமானால் போகலாம்.

ராஜகனி இரண்டு தடவை தவறியிருந்தாள்.

பட்டாசுப் பெட்டியில் பூனையும் ரோஜாப்பூவும் வரைந்து தொழிலுக்கு வந்தவள் அவள். பிறகு சாமிக்கு ஏறினாள். ஐந்தாறு வருஷமாக அய்யாக்கனி அண்ணாச்சியின் அச்சகத்துக்கு லட்சுமி என்றால் அது ராஜகனி லட்சுமிதான். கணவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மற்ற நாட்களில் அவளுக்குப் பேச்சுத்துணை சாமிகள்தான், அவர்களும் கண் திறக்காதவர்கள். ஒரு காலை அண்ணாச்சி பால்கோவாப் பொட்டலத்தோடு படியேறி வந்தபோது அவள் பொட்டலத்தைத்தான் முதலில் பார்த்தாள். கெட்ட செய்தி இல்லாமல் அந்த மனிதர் இனிப்பு வாங்கி யாரும் பார்த்ததில்லை.

ஆடிப்பெருக்கன்று, அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளியிட வேண்டும் என்றார். லட்சுமி இல்லாமல் ஆல்பத்தைத் திறக்க முடியாது என்றார். இந்தத் தடவையும் தவறினால் தன் கையில் ஒன்றும் இல்லை என்று பால்கோவாவைப் பார்த்தபடி சொன்னார். பொறி தட்டுவதற்கு வழிகளும் அவரே சொன்னார். குற்றாலத்தில் குளி, சதுரகிரி ஏறு, விடியற்காலையில் மௌனமாக உட்கார். ராஜகனி எல்லாவற்றையும் செய்தாள். குற்றாலத்தில் அருவிக்கடியில் நின்றபோது கரையில் விட்ட செருப்பு பத்திரமாக இருக்குமா என்ற நினைப்பைத் தவிர அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மௌனமாக உட்கார்ந்தாள், தூங்கிவிட்டாள். லட்சுமி மந்திரத்தை மனமுருகச் சொல்லிப் பொறிமானியைப் பார்த்தால் பதினொன்று காட்டியது.

கருவி பழுது என்று சந்தேகப்பட்டு, அதைச் சரிபார்க்கிற ஜெபசிங்கைக் கூப்பிட்டாள். நாகர்கோவில்காரன், கருவியை விடக் காப்பியில் அக்கறை உள்ளவன். அவன் கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கருவி நன்றாக இருக்கிறது என்றான்.

"அப்ப எனக்கு பக்தி இல்லைங்கிறியா?" என்றாள் ராஜகனி.

"இது பக்திய அளக்காதுக்கா. சந்தோஷத்தையும் அளக்காது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு விஷயம் மண்டைக்குள்ள திடீர்னு ஒட்டிக்கும் பாருங்க, அந்த வெட்டத்த, மின்னல் மாதிரி வெளிச்சத்த, மட்டும்தான் பிடிக்கும். லட்சுமியப் பாத்துக்கிட்டே லட்சுமிய நெனச்சா என்னத்த ஒட்டும்?"

அவன் சொன்னது ராஜகனிக்குப் பாதிதான் விளங்கியது. மீதிப் பாதி, கண் திறக்கக் குறித்திருந்த நாளன்று மதினி ரூபத்தில் வந்தது.

மதினி என்றால் கணவனின் அக்கா பாக்கியத்தாய். பஸ் நிலையத்துக்கு எதிரே வீடு. சிவகாசியில் யார் எந்தப் பஸ்ஸில் யாரோடு ஏறினார்கள், யார் தனியாகப் போய் இருவராகத் திரும்பினார்கள் என்பதெல்லாம் நேரக்காப்பாளருக்குத் தெரியாவிட்டாலும் பாக்கியத்தாய்க்குத் தெரியும். ஆனால் அவளுக்கு ஒரு நேர்மை உண்டு. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வாள். ராஜகனிக்குப் புறணி, அடுத்த வீட்டு வம்பு, ஆகாது. மதினி ஆரம்பித்தாலே அடுப்பில் ஏதோ தீய்வதாகச் சொல்லி எழுந்து போய்விடுவாள். அன்று போக முடியவில்லை. தலையில் கருவி, கையில் தூரிகை, எதிரே வெள்ளைக் கண்ணோடு லட்சுமி.

"நம்ம வசந்தமணி டீச்சர் இருக்காள்ல," என்று பாக்கியத்தாய் தானாகவே காப்பி கலந்துகொண்டு ஆரம்பித்தாள். "புருசன் போயி ஏழெட்டு வருசம் ஆச்சுல்ல. நேத்து சாத்தூர் பஸ்லேர்ந்து ஒருத்தரோட இறங்குறா. மழை தூறுது. அவரு குடை பிடிக்கிறாரு. பிடிக்கிறவரு முழுசா நனையிறாரு, இவ மேல ஒரு சொட்டு இல்ல. இவ சிரிக்கிறா பாரு, அப்பிடி ஒரு சிரிப்பு."

வாயை மூடுங்க மதினி என்று சொல்லத்தான் ராஜகனி திரும்பினாள். அதற்குள் அந்தக் குடை அவள் கண்முன் வந்துவிட்டது. நனைகிற மனிதர், நனையாத டீச்சர். பாவம், சிரித்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள். கை தானாகப் போய்க் கருமணியை வைத்தது. கண்ணோடும் நிற்கவில்லை, உதட்டோரத்தையும் கன்னத்தையும் ஓர் இழை திருத்தியது. தலையில் பொறிமானி கூவியது. எண்பத்து நான்கு.

ஜெபசிங் முத்திரை வைக்க வந்தபோது, லட்சுமிக்கும் புறணிக்கும் என்னடா சம்பந்தம் என்று அவள் வெட்கத்தோடு கேட்டாள். சம்பந்தம் இல்லை, அதனால்தான் அடிக்கிறது என்று அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

அந்த லட்சுமி ஊரையே அள்ளிக்கொண்டு போனது. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கிறது, கும்பிட்டால் நம்மைத்தான் பார்க்கிறது என்று கடைக்காரர்கள் கூடுதலாகக் கேட்டார்கள். அய்யாக்கனி அண்ணாச்சி மறுபடியும் பால்கோவா வாங்கி வந்தார். இந்தத் தடவை கெட்ட செய்தி இல்லை, மொத்த ஆல்பத்தையும் நீயே போடு என்றார். சரஸ்வதி, ஆண்டாள், முருகன், மீனாட்சி, எல்லாம்.

மொத்த ஆல்பத்துக்கும் பொறி வேண்டும். பொறிக்குப் புறணி வேண்டும். தீய்கிறது என்று எழுந்து போனவள் இப்போது மதினி வருவதற்கு முன்பே பாலைக் காய்ச்சி வைத்தாள். முறுக்கு சுட்டு வைத்தாள். மெத்தை போட்ட நாற்காலி வாங்கிப் போட்டாள். ரேஷன் கடைக்காரர் மனைவி மாமியாரோடு சண்டை போட்டுக் கோயில் மண்டபத்தில் போய்ப் படுத்த கதையில் சரஸ்வதி கண் திறந்தாள். கேபிள்காரப் பையன் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடி, அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிப் பிடிபட்ட கதையில் முருகன் முறுவலித்தார். நாடு முழுக்கப் பூஜையறைகளில் கற்பூரம் காட்டப்படும் தெய்வங்களின் கண் எந்த எண்ணெயில் ஒளிவிடுகிறது என்பது இரண்டு பெண்களுக்கும் ஜெபசிங்குக்கும் மட்டுமே தெரியும். ராஜகனிக்கு முதலில் கூசியது. பிறகு பழகிவிட்டது. பழகியதைத்தான் அவளால் பின்னாளில் மன்னிக்க முடியவில்லை.

சிவகாசி எவ்வளவு பெரிய ஊர்? சரக்கு தீர்ந்தது. அடுத்த ஆடிக்கு முன்னால் பாக்கியத்தாய் வெறுங்கையோடு வந்து, இந்த வாரம் யாரும் எங்கேயும் போகவில்லை என்று குற்றவாளி மாதிரிச் சொன்னாள். ராஜகனியின் முகம் வாடியது. அதைப் பார்க்கப் பாக்கியத்தாய்க்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளில் அவள் பேச்சுக்காக ஒருத்தி காத்திருந்தது இதுதான் முதல் தடவை. எனவே, பார்த்ததோடு பார்க்காததைக் கொஞ்சம் சேர்த்தாள். பிறகு பார்க்காததோடு பார்த்ததைக் கொஞ்சம் சேர்த்தாள். வசந்தமணி டீச்சரின் புருசன் சாகவில்லை, திருப்பூரில் உயிரோடு இருக்கிறான், அவனுக்குத் தெரியாமல்தான் இந்தக் குடைக்காரரோடு கல்யாணப் பேச்சு என்று ஒன்றை அவித்து எடுத்துக்கொண்டு வந்தாள். பொறிமானி தொண்ணூறைத் தாண்டியது. ஆண்டாளுக்குக் கண் திறந்தது.

புறணி ஒரு வீட்டோடு நிற்கிற பொருளா? அது பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனது. அங்கே சீனியம்மாள் என்ற கடலைமிட்டாய்க் கடை அம்மாளின் மகன்தான் அந்தக் குடைக்காரர் சிவஞானம்.

ஒரு சனிக்கிழமை வசந்தமணி டீச்சரே ராஜகனி வீட்டுக்கு வந்தாள். பாக்கியத்தாய் அப்போதுதான் முறுக்கை உடைத்து வாயில் போட்டிருந்தாள், அது அப்படியே நின்றது. டீச்சர் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த போன வருஷத்து லட்சுமிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக இதப் பாத்துட்டு என்னப் பாத்துக் கும்பிடுதுக்கா," என்றாள். "பஸ்ல ஏறினா தெரியாத பொம்பளைக எந்திரிச்சு எடம் விடுறாக. பூக்காரி கிள்ளிக் குடுக்காம முழம் போட்டுக் குடுக்கா. எதுக்குன்னு அவுகளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நேத்துத்தான் கண்ணாடியப் பாத்தேன். இது நான்தான?"

ராஜகனி நிமிர்ந்து பார்த்தாள். தன் கையால் வரைந்த படத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். குடைக்குள் சிரித்த சிரிப்பு அப்படியே லட்சுமியின் உதட்டில் இருந்தது. எழுந்து மற்றப் படங்களைப் பார்த்தாள். சரஸ்வதி, ரேஷன் கடைக்காரர் மனைவி. முருகன், ஓட முடியாமல் மூச்சு வாங்கிய கேபிள்காரப் பையன். யாரைப் பற்றிப் புறணி கேட்டாளோ அவர்கள் முகத்தையெல்லாம் சாமிகளுக்கு வைத்திருந்தாள். புறணி அவளைத் தூண்டவில்லை. அதைக் கேட்ட ஒவ்வொரு தடவையும், போகட்டும் பாவம் என்று அவளுக்குள் ஒருத்தி அவர்கள் பக்கம் போய் நின்றிருக்கிறாள். அவள்தான் பொறி. இது புரிந்ததும் ராஜகனிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. டீச்சர் அடுத்ததாகச் சொன்னதைக் கேட்டதும் அந்த நிம்மதி போய்விட்டது.

"கல்யாணத்த நிறுத்திட்டாகக்கா. எம் புருசன் உயிரோட இருக்காராம். அவர எரிச்ச எடத்துல நின்னவ நான்."

பாக்கியத்தாய் முறுக்கை விழுங்க முடியாமல் விழுங்கினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணவனுக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு ராஜகனி மதினியை இழுத்துக்கொண்டு கோவில்பட்டிப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் பாக்கியத்தாய் எந்த நிறுத்தத்தில் யார் ஏறினார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. தன்னால் ஒரு பொம்பளையின் வாழ்க்கை நின்றுபோனது அவளுக்கு நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ராஜகனிக்கும் அதே கல்தான். மெத்தை நாற்காலி வாங்கிப் போட்டவள் அவள்.

சீனியம்மாள் கதவைத் திறந்து, யார் என்ன என்று கேட்டு உட்கார வைத்தாள். கதவு திறந்திருந்த பூஜையறையில் அந்த லட்சுமி மல்லிகைச் சரத்தோடு தொங்கியது. விளக்கு மட்டும் ஏற்றாமல் இருந்தது. சிவகாசியில் இந்தப் படம் வரைந்தவள் நான்தான் என்று ராஜகனி சொன்னதும் சீனியம்மாள் அவளையே உற்றுப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு, நீயே சொல்லு தாயி," என்றாள். "அந்தக் கல்யாணத்த வேண்டாம்னு சொல்லிவிட்டேன். அன்னையிலேர்ந்து எனக்கு விளக்குப் பொருத்த முடியல. கிட்டப் போனா இவ என்னையே பாக்கா. முன்னாடியும் பாப்பா, ஆனா இப்பிடிப் பாக்க மாட்டா. என்ன குத்தம் செஞ்சேன்னு தெரியல."

ராஜகனி வாயைத் திறப்பதற்குள் பாக்கியத்தாய் எழுந்து பூஜையறை வாசலுக்குப் போனாள். படத்தை ஏறிட்டுப் பார்க்க அவளுக்கும் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான்தாம்மா சொன்னேன். திருப்பூருக்கு நான் போனதே கெடையாது. அந்தப் பிள்ள புருசன எடுத்தப்போ நானும் தெருவுல நின்னேன். வாய் சும்மா இருக்காம நான் கட்டிவிட்டது."

சீனியம்மாள் கோபப்படப் போகிறாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு எதையோ யோசித்துப் பார்த்தாள், பிறகு மறுபடி படத்தைப் பார்த்தாள். பெண் பார்க்கப் போன அன்று டீச்சர் காப்பித் தட்டோடு வந்ததும் தான் பதறி எழுந்து நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. இத்தனை மாதமாகக் காலையும் மாலையும் யாருக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தோம் என்று புரிந்தபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகளாக வரப்போகிறவளிடம் இதைச் சொல்லிவிட வேண்டாம், பிறகு தன் பேச்சு வீட்டில் எடுபடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு பொட்டலம் கடலைமிட்டாய் கொடுத்து அனுப்பினாள். டீச்சருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதை அவர்களும் சொல்லவில்லை.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ராஜகனி அதோடு புறணிக்கு முழுக்குப் போட்டாள். இனிமேல் இந்த வீட்டில் ஊர்க்கதை கிடையாது என்று மதினியிடம் சொல்லிவிட்டாள். பாக்கியத்தாய் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவள், பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. மெத்தை நாற்காலி சும்மா கிடந்தது. ஆல்பத்தில் மீனாட்சி ஒருத்திதான் பாக்கி. கிளியும் மூக்குத்தியும் பச்சைப்பட்டுமாக எல்லாம் ஆயிற்று, கண் மட்டும் வரவில்லை. பொறிமானி பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில் கிடந்தது. இந்தத் தடவை தவறினால் மூன்றாவது. அய்யாக்கனி அண்ணாச்சி பால்கோவாக்கூட வாங்காமல் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பாவம் பார்க்கவும் ஒரு பாவப்பட்டவர் வேண்டியிருக்கிறதே என்று ராஜகனி தன்னையே நொந்துகொண்டாள். நிறம் பார்க்கும் வேலைக்கே போய்விடலாம், இன்னொருத்தி குடும்பத்தைக் கெடுத்து மீனாட்சிக்குக் கண் வர வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்த பிறகு உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

கடைசி நாள் காலையில் ஜெபசிங் வந்து கருவியை மாட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். தட்டில் வெற்றிலை கற்கண்டு. எதிரே வெள்ளைக் கண்ணோடு மீனாட்சி. ராஜகனி தூரிகையை நனைத்து நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது பாக்கியத்தாய் உள்ளே வந்தாள். இஸ்திரி போட்ட சேலை, தலை நிறையப் பூ. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு விசயம் கேள்விப்பட்டேன்," என்றாள்.

"மதினி, வேண்டாம்."

"யாரப் பத்தின்னு மொதல்ல கேளு. பாக்கியத்தாய்னு ஒருத்தி. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்த வீடு. ஊர்க்கதையெல்லாம் பேசுவா, அவளப் பத்தி ஒருத்தரும் பேசினது கெடையாது. பேசுறதுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சிட்டாக."

ராஜகனி தூரிகையைக் கீழே வைக்க மறந்தாள்.

"சின்ன வயசுல தீப்பெட்டி ஆபீசுல ஒருத்தன் லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தானாம். ரெண்டு பேரும் மதுரை பஸ்ல ஏறிட்டாகளாம். திருமங்கலம் வந்ததும் இவ எந்திரிச்சு, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்னு இறங்கிட்டாளாம். அவன் சிரிச்சானாம், வெளையாடுறான்னு நெனச்சு. பஸ் போயிருச்சு." பாக்கியத்தாய் பூவைச் சரிசெய்துகொண்டாள். "அன்னையிலேர்ந்து எந்த பஸ்ல யாரு யாரோட ஏறுறாகன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா."

இது பார்த்த கதையா, பார்க்காத கதையா என்று ராஜகனி கேட்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது, கை மட்டும் நிதானமாக மீனாட்சியின் முகத்துக்கு நகர்ந்தது. பொறிமானி கூவியது. ஜெபசிங் எழுந்து எண்ணைப் பார்த்துவிட்டு முத்திரையைத் தேட ஆரம்பித்தான்.

பாக்கியத்தாய் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடு," என்றாள்.